ஆடைக் கொள்வனவும் அமானிதமும்

உயர்தரப் பரீட்சையை வர்த்தகப் பிரிவில் எழுதி முடித்து டிப்ளோமா ஒன்றைப் பயின்றுகொண்டிருந்தபோது, அதன் ஒரு பகுதியாக ஆறு மாதத் தொழிற்பயிற்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் எனக்குக் கிடைத்த இடம், கண்டி நகரில் உள்ள ஓர் ஆடை விற்பனை நிலையத்தின் கொள்வனவுப் பிரிவு. செய்தியை வீட்டில் சொன்னபோது வாப்பா, "கடையில நிக்கவா மகள் இவ்வளவு படிச்ச?" என்று கேட்டார்.

"கடையில நிக்கிறதில்ல வாப்பா. இது கொள்வனவுப் பகுதி" என்றேன்.

"கொள்வனவுல என்ன வேல?"

"கடைக்குத் தேவையான உடுப்புகளைத் தெரிவு செய்ற வேல."

அந்தப் பதில் பாதிதான் சரி என்பது பயிற்சிக்குப் போன பிறகே எனக்குத் தெரிந்தது. வாப்பாவின் கேள்விக்கு முழுமையான பதிலைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். நமது கல்லூரியில் வணிகக் கல்வி படிக்கும் தங்கைகளுக்கும், "இந்த வேலைக்கெல்லாம் பிள்ளையை அனுப்பலாமா?" என்று யோசிக்கும் பெற்றோருக்கும் இது பயன்பட்டால் மகிழ்ச்சி.

கொள்வனவு என்றால் என்ன?

பெருநாளைக்கு உடுப்பு எடுக்கக் கடைக்குப் போகிறோம். தொங்கும் உடுப்புகளில் ஒன்றை நாம் தெரிவு செய்கிறோம். ஆனால் நமக்கு முன்பே இன்னொருவர் ஒரு தெரிவைச் செய்து முடித்திருக்கிறார். எந்தத் துணி, எந்த நிறம், எந்த அளவு, எத்தனை உருப்படி, என்ன விலை, எந்தத் திகதிக்குள் கடைக்கு வர வேண்டும் என்ற ஆறு கேள்விகளுக்கும் பல வாரங்களுக்கு முன்னரே விடை எழுதியவர் அவர். அவரே கொள்வனவாளர்.

நமது நாட்டில் இத்தொழிலுக்கு நல்லதோர் உதாரணம் ஒட்டாரா குணவர்தன. அவர் 1989இல், ஏற்றுமதிக்காகத் தைக்கப்பட்டு மிஞ்சிய ஆடைகளைத் தெரிந்தெடுத்து, தமது காரின் பின்பெட்டியில் வைத்து அறிந்தவர்களுக்கு விற்கத் தொடங்கினார். பின்னர் 'ஒடெல்' என்ற பெயரில் கடை திறந்தார். அந்த நிறுவனம் 2010இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, 2014இல் சொஃப்ட்லொஜிக் குழுமத்தின் கைக்கு மாறியது. தொடக்கத்தில் அவரிடம் பெரிய கட்டடம் இருக்கவில்லை. குவியலுக்குள் இருந்து எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்ற அறிவே அவருடைய முதலாக இருந்தது.

நான் பயிற்சி பெற்ற இடம் அவ்வளவு பெரியதன்று. கீழ்த்தளத்தில் கடை, மேல்மாடியில் நான்கு மேசைகள் கொண்ட கொள்வனவுப் பகுதி. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் அக்குறணையைச் சேர்ந்த ஒரு ராத்தா. முதல் நாள் என்னிடம் ஐந்து ஹபாயாக்களைக் காட்டி, "இதில எத எடுப்பீங்க?" என்று கேட்டார். கையில் வேலைப்பாடு செய்த ஒன்றை உடனே காட்டினேன். "ஏன்?" என்றார். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "அது ஒங்களுக்கு. கடைக்கு எது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. ஆறு மாதமும் அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடினேன்.

ஒரு ஹபாயாவின் கணக்கு

முதல் வாரத்திலேயே ஒரு விடயம் விளங்கியது. இத்தொழிலில் நிறங்களைவிட இலக்கங்களே அதிகம். கடையின் உண்மைக் கணக்கை வெளியில் சொல்வது முறையன்று. அது நம்பிக் கொடுக்கப்பட்ட விடயம். ஆகவே இக்கட்டுரையில் வரும் தொகைகளை மாற்றியே எழுதுகிறேன். கணக்கின் முறை மட்டும் மாறவில்லை.

ஒரு ஹபாயாவின் விலை 5,900 ரூபா என்று கொள்வோம். வாங்குபவர் கொடுக்கும் பணம் முழுவதும் கடைக்கு உரியதன்று. பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2024 ஜனவரி முதல் 18 வீதம். அதன்படி 5,900 ரூபாவில் 900 ரூபா அரசுக்குரியது. மீதி 5,000 ரூபாவே கடையின் விற்பனை. வரி தவிர்ந்த கொள்விலை 3,400 ரூபா எனில் மொத்த இலாபம் 1,600 ரூபா. இதிலிருந்தே கடை வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் போக வேண்டும்.

இங்கே மாணவிகள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. 1,600 ரூபாவை விற்பனையான 5,000 ரூபாவின் வீதமாகச் சொன்னால் 32 வீதம். கொள்விலையான 3,400 ரூபாவின் வீதமாகச் சொன்னால் ஏறக்குறைய 47 வீதம். முன்னையது இலாப எல்லை; பின்னையது விலையேற்றம். இரண்டும் ஒரே பணம்தான். ஆனால் ஒருவர் ஒன்றையும் மற்றவர் மற்றொன்றையும் நினைத்துப் பேசினால் விலை தீர்மானிப்பதில் பெரும் பிழை வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் என்னைத் திகைக்க வைத்தது. அதே ஹபாயாவை 20 வீத விலைக்கழிவில் விற்கிறோம். விலை 4,720 ரூபாவாகிறது. அதில் வரி போக மீதி 4,000 ரூபா. கொள்விலை 3,400 ரூபா மாறவில்லை. இலாபம் 600 ரூபா. விலை குறைந்தது 20 வீதம். இலாபமோ 1,600 ரூபாவில் இருந்து 600 ரூபாவுக்கு இறங்கி 62.5 வீதத்தை இழந்துவிட்டது. "கழிவு போட்டா எல்லாம் வித்துப் போயிடும்" என்று வெளியில் இருந்து இலேசாகச் சொல்கிறோம். பிழையாக வாங்கியதற்குக் கட்டும் அபராதம்தான் பல வேளைகளில் கழிவாக வருகிறது.

எவ்வளவு வாங்கலாம்?

பணம் இருக்கிறது என்பதற்காக வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. அதைக் காணும் வழி இது:

எதிர்பார்க்கும் விற்பனையுடன் மாத முடிவில் இருக்க வேண்டிய கையிருப்பைக் கூட்ட வேண்டும். அதிலிருந்து மாதத் தொடக்கக் கையிருப்பையும், ஏற்கெனவே கட்டளையிட்டு இன்னும் வந்து சேராத பொருட்களையும் கழிக்க வேண்டும். எஞ்சுவதே புதிதாக வாங்கக்கூடிய தொகை.

எல்லாவற்றையும் கொள்விலையில் எடுத்துக்கொள்வோம். எதிர்பார்க்கும் விற்பனை 12 இலட்சம், முடிவுக் கையிருப்பு 6 இலட்சம், தொடக்கக் கையிருப்பு 8 இலட்சம், வரவிருப்பது 5 இலட்சம். 12உம் 6உம் 18. அதிலிருந்து 8ஐயும் 5ஐயும் கழித்தால் 5 இலட்சம். அந்த மாதத்தில் எவ்வளவு அழகான துணியைக் கண்டாலும் 5 இலட்சத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? நமது தெல்தோட்டைப் பிள்ளைகளுக்கு இதைக் கொழுந்தை வைத்துச் சொன்னால் இலகுவாக விளங்கும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் நமக்கு அயலில்தான் இருக்கிறது. பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குத் தாமதமாகப் போனால் அதன் தரம் கெட்டுவிடும் என்பதை இங்கே சிறு பிள்ளையும் அறியும். ஆடையும் அப்படியே. துணி அழுகுவதில்லை, ஆனால் பெருநாள் முடிந்த மறுநாள் பெருநாள் உடுப்பின் பெறுமதி இறங்கிவிடுகிறது. விற்காமல் தொங்கும் ஒவ்வோர் உடுப்பும் அடுத்ததை வாங்க வேண்டிய பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

இறக்குமதித் துணியானால் நாணய மாற்றையும் கவனிக்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. அதே துணி, அதே டொலர் விலை. ஆனால் ரூபாவில் கொள்விலை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. கொள்வனவாளர் செய்தித்தாளில் வர்த்தகப் பக்கத்தை ஏன் முதலில் திறக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

எப்போது வாங்குவது?

பயிற்சியில் நான் உருப்படியாகச் சொன்ன முதல் கருத்து இந்தப் பகுதியில்தான்.

கடையின் கணினி சென்ற ஆண்டின் ஏப்ரல் மாதத்தை இந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தோடு ஒப்பிட்டு ஓர் அறிக்கை தந்தது. அதன்படி ஏப்ரல் முதல் இரு வாரங்களில் பெருந்தொகை விற்பனை இருக்க வேண்டும். அறிக்கையைப் பார்த்த நான், "ராத்தா, இது சரிவராது" என்றேன். ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள். ஆகவே நோன்புப் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாட்கள் முன்னுக்கு வருகிறது. 2024இல் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கடைக்குள் வந்ததால் அந்த இரு வாரங்களும் வழமைக்கு மாறாகப் பெருகித் தெரிந்தன. 2025இலோ பெருநாள் மார்ச் இறுதியில். புத்தாண்டு அதற்கு இரு வாரங்களுக்குப் பின்னர். ஹபாயாவும் ஷோலும் மார்ச் முதல் வாரத்திலேயே கடையில் இருக்க வேண்டும். புத்தாண்டு உடுப்புகளுக்கு வேறு திகதி போட வேண்டும்.

இது பெரிய கண்டுபிடிப்பன்று. நோன்பு எப்போது வருகிறது என்பது நமது வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணினிக்குத் தெரியவில்லை. ராத்தா அறிக்கையைத் திருத்தச் சொல்லிவிட்டு, "வீட்டில தெரிஞ்சத இங்கயும் கொண்டு வாங்க. அதுவும் படிப்புத்தான்" என்றார்.

கண்டிக்கு இன்னும் பல காலங்கள் உண்டு. பாடசாலை தொடங்கும் காலத்தில் வெள்ளைத் துணி. வெசாக்குக்கும் போயாவுக்கும் வெள்ளை உடை. எசல பெரஹரா நாட்களில் வீதிகள் மூடப்படும், பொருள் ஏற்றிய லொறி நகருக்குள் வர முடியாது. பின்னர் தீபாவளி, நத்தார். நால்வகை மக்களின் நாட்காட்டியையும் ஒரே சுவரில் தொங்கவிட்டுப் பார்க்கத் தெரிந்தவரே கண்டியில் நல்ல கொள்வனவாளராக முடியும்.

தரம் பார்த்தல்

கொழும்பு புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரிகளிடம் இருந்து பொதிகள் வரும். பொதியை அவிழ்த்ததும் மேலே உள்ள இரண்டை எடுத்துப் பார்த்துக் கையொப்பமிட நான் தயாரானேன். ராத்தா தடுத்தார். மேலிருந்து ஒன்று, நடுவில் இருந்து இரண்டு, அடியில் இருந்து ஒன்று என எடுக்கச் சொன்னார். அப்போது எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. சந்தையில் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்ட சம்பவம் அது. இஸ்லாம் பாடத்தில் அதைப் படித்துப் புள்ளி எடுத்திருக்கிறேன். பொதிக்குள் கை விட்டபோதுதான் அது என் வேலையைப் பற்றியது என்று உணர்ந்தேன்.

தரம் பார்க்கும் சில வழிகளை வீட்டிலும் செய்து பார்க்கலாம். நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் கறுப்புத் துணியைப் பத்துத் தடவை தேயுங்கள்; கறை ஏறினால் சாயம் நிற்காது. தையலின் இரு பக்கத்தையும் பிடித்து மெதுவாக இழுங்கள். இடைவெளி தெரிந்தால் தையல் ஐதானது. உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் பூட்டித் தைக்கப்படாவிட்டால் சில கழுவல்களில் நூல் பிரியும். கையிரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து நீளம் சமமா என்று பாருங்கள்.

நான் விட்ட பிழை

பெருநாளுக்காக ஒரு வகை ஹபாயாவில் 120 உருப்படிகளுக்கான கட்டளையை நானே தயாரிக்க ராத்தா இடமளித்தார். வழங்குநர் இரண்டு விலை சொன்னார். அளவுகளை நாமே தெரிந்தெடுத்தால் ஒன்று 3,600 ரூபா. அவர் கட்டி வைத்திருக்கும் பொதியாக எடுத்தால் ஒன்று 3,400 ரூபா. ஒரு பொதியில் 10 உருப்படிகள்: 52, 54, 56, 58, 60 என்ற நீளங்களில் இரண்டிரண்டு.

நான் கணக்குப் போட்டேன். ஒன்றுக்கு 200 ரூபா வீதம் 120க்கு 24,000 ரூபா இலாபம். பொதியாகவே எடுப்போம் என்று எழுதி, காரணத்தையும் அழகாக விளக்கினேன். வேலை மிகுந்த நாட்கள் அவை. ராத்தா, "அளவ யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். "ஓம்" என்றேன். உண்மையில் நான் யோசித்திருக்கவில்லை. எல்லா அளவிலும் சமமாக இருப்பதுதானே நியாயம் என்று நினைத்துவிட்டேன்.

நமது பெண்களில் பெரும்பாலானோர் ஐந்தடியை ஒட்டிய உயரம் உடையவர்கள். 52உம் 54உம் அவர்களுக்கானவை. 58, 60 என்பவை நல்ல உயரமானவர்களுக்குரியவை. அந்த இரு சிறிய அளவுகளும் நோன்பு பாதி ஆகும் முன்பே முடிந்துவிட்டன. பெருநாளன்று கணக்கெடுத்தபோது நிலைமை இதுதான். ஒவ்வோர் அளவிலும் வந்தவை 24. விற்றவை: 52இல் 24, 54இல் 24, 56இல் 20, 58இல் 6, 60இல் 2. மொத்தம் 76. விற்றுத்தீர்ந்த வீதம் 63. மீதி 44 உருப்படிகள். அவற்றில் முடங்கிய பணம் 1,49,600 ரூபா. 24,000 ரூபாவை மிச்சப்படுத்தப் போய் வந்த விளைவு இது.

அதைவிடப் பெரிய நட்டம் கணினியில் இல்லை. ஒரு கொப்பியில் இருந்தது. கீழ்த்தளத்தில் விற்பனையில் இருந்த சிங்களச் சகோதரி ஒருவர், கேட்டு இல்லாமல் திரும்பிப் போனவர்களைக் கோடு போட்டுக் குறித்து வைத்திருந்தார். என்னிடம் காட்டி, "நங்கி, ஐம்பத்து ரெண்டும் ஐம்பத்து நாலும் கேட்டு இவ்வளவு பேர் போனாங்க" என்றார். எண்ணினேன்: 31 கோடுகள். 3,600 ரூபாவுக்கு வாங்கியிருந்தால்கூட ஒன்றில் 1,400 ரூபா இலாபம் வந்திருக்கும். 31க்கு 43,400 ரூபா.

இதில் ஒரு நுட்பமான பாடம் உண்டு. நோன்பின் கடைசி வாரத்தில் 54 அளவின் விற்பனை பூச்சியம் என்று கணினி காட்டியது. அதை மட்டும் பார்ப்பவர் 54க்குத் தேவை இல்லை என்று முடிவெடுப்பார். ஆனால் பொருளே இல்லாதபோது எப்படி விற்பது? விற்காதது வேறு; இல்லாததால் விற்க முடியாமல் போனது வேறு. ஆகவே அளவு விகிதத்தைக் கணிக்கும்போது, எல்லா அளவுகளும் கடையில் இருந்த முதல் நாட்களின் விற்பனையை மட்டுமே எடுக்க வேண்டும்.

அன்று மாலை ராத்தாவிடம் போய், "நான் அளவ யோசிக்கல்ல. யோசிச்சன் என்டு சொன்னது பொய்" என்றேன். அதைச் சொல்வது கட்டளை எழுதியதைவிடக் கடினமாக இருந்தது. அவர் ஏசவில்லை. "பணம் ஹாஜியார்ட. கையொப்பம் நம்மட. அதுதான் அமானிதம். இப்ப இந்த 44க்கும் வழி சொல்லுங்க" என்றார்.

தையற்காரியின் 25 நிமிடம்

கழிவு போடலாம் என்று முதலில் நினைத்தேன். இலாபத்தில் 62.5 வீதம் போகும் என்ற கணக்கு தடுத்தது. பிறகு உம்மாவின் நினைவு வந்தது. உம்மா வீட்டில் தையல் இயந்திரத்தில் அயலவர்களின் உடுப்புகளைச் சுருக்கிக் கொடுப்பவர். நீளத்தைக் குறைப்பது சிரமமன்று. வாங்குபவரின் உயரத்துக்கு இலவசமாகக் கீழ்மடிப்பு வெட்டித் தைத்துக் கொடுப்போம் என்று யோசனை சொன்னேன். கடைக்கு அருகில் தைக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டோம். ஒன்றுக்கு 250 ரூபா என்றார். என் பிழையின் செலவைக் குறைக்கும் அவசரத்தில் நான், "150க்குத் தைக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

அவர் போன பிறகு ராத்தா, "ஒன்னத் தைக்க எவ்வளவு நேரம் போகும்?" என்று கேட்டார். உம்மாவைப் பார்த்திருப்பதால் எனக்குத் தெரியும்: அளந்து, வெட்டி, மடித்து, அழுத்தித் தைக்க 25 நிமிடமாவது போகும். "அப்ப நிமிஷத்துக்குப் பத்து ரூபா கேட்டவவ ஆறு ரூபாவுக்கு இறக்கப் பாத்தீங்க. நூலும் கரண்டும் அவடதான்" என்றார். உம்மாவிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். மறுநாள் 250 ரூபாவுக்கே ஒப்புக்கொண்டோம்.

பேரம் பேசுவது கொள்வனவாளரின் கடமை. ஆனால் குறைக்கும் ஒவ்வொரு ரூபாவும் யாரோ ஒருவரின் கையில் இருந்துதான் குறைகிறது. 2013 ஏப்ரல் 24இல் பங்களாதேஷின் டாக்காவுக்கு அருகே சாவாரில் 'ரானா பிளாஸா' என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் பல ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. 1,100 பேருக்கு மேல் இறந்தனர்; அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புகள் கண்டுபிடிக்கப்பட்டும் மறுநாள் காலையில் தொழிலாளர்கள் உள்ளே அனுப்பப்பட்டார்கள். அங்கு தைக்கப்பட்ட உடுப்புகள் மேலைநாட்டுக் கடைகளுக்குப் போயின. குறைந்த விலைக்கும் குறுகிய திகதிக்குமான நெருக்குதல் எங்கே போய் முடியலாம் என்று உலகம் முழுவதும் கொள்வனவாளர்கள் கேட்டுக்கொண்ட கேள்விக்கு அந்த நாள் காரணமாயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின்னர் ஆடைத் தொழிலில் வளர்ந்த நமது நாட்டிலும் ஆயிரமாயிரம் குடும்பங்களின் அடுப்பு தையல் ஊசியில்தான் எரிகிறது. நமக்கு அது தூரத்துச் செய்தியன்று.

44இல் 35 உருப்படிகள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் முழு விலையிலேயே விற்றன. தையல் செலவு 8,750 ரூபா. 60 அளவில் 9 மட்டும் மிஞ்சின. நீளத்தை வெட்டலாம், தோள் அகலத்தை வெட்ட முடியாது என்பது அந்த ஒன்பதும் சொல்லித் தந்த பாடம்.

தங்கைகளுக்கும் பெற்றோருக்கும்

இத்துறைக்கு வர விரும்பும் தங்கைகள் கணிதத்தையும் கணக்கீட்டையும் விட்டுவிடாதீர்கள். வீதமும் விகிதமும் கைவராவிட்டால் இரசனை மட்டும் உதவாது. சிங்களம் பேசப் பழகுங்கள்; அந்தச் சகோதரியின் கொப்பி எனக்குக் கிடைத்தது அவரோடு தினமும் பேசியதால்தான்.

வழிகளும் பல உண்டு. 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கப்பட்ட 13 வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வியின் தொழிற்கல்விப் பிரிவில், சாதாரணதரப் பெறுபேற்றைப் பொருட்படுத்தாமல் சேர்ந்து, தொழிலிடப் பயிற்சியுடன் தேசிய தொழில் தகைமை நான்காம் மட்டத்தை நோக்கிப் போகலாம். அத்தகைமைச் சட்டகத்தில் ஏழு மட்டங்கள் உள்ளன. ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். பல்கலைக்கழகம் செல்ல விரும்புவோருக்கு மொறட்டுவையில் ஆடை வடிவமைப்பும் உற்பத்தி அபிவிருத்தியும் சார்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது. அதற்கு உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புமுன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். பயிற்சிக் கடிதம் எழுத்தில் இருக்கிறதா? வேலை தொடங்கும் முடியும் நேரங்கள் எவை? கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாதாரண வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பதை அறிந்து வைத்திருங்கள். பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார்? கொடுப்பனவு எவ்வளவு? தொழ இடம் உண்டா? எழுதக் கற்றுக்கொடுப்பார்களா, அல்லது பெட்டி தூக்க மட்டுமா?

என் வாப்பா இவை அனைத்தையும் கேட்டார். முதல் நாள் என்னோடு வந்து ராத்தாவைச் சந்தித்தார். மாலை ஐந்து மணிக்கு வெளியேற அனுமதி கேட்டு வாங்கினார். சுபஹ் தொழுதுவிட்டு தெல்தோட்டையில் பஸ் ஏறி, கலஹா, பேராதனை வழியாகக் கண்டிக்குப் போன அந்த ஆறு மாதமும் அலைச்சல்தான். ஆனால் வாப்பா கேட்டறிந்து அனுப்பியதால் எனக்குப் பயம் இருக்கவில்லை.

முடிவுரை

அன்னை கதீஜா (ரழி) அவர்கள் மக்காவின் பெரும் வணிகர். தமது சரக்குகளை ஷாம் தேசத்துக்குக் கொண்டு செல்ல அவர்கள் தேடியது நம்பிக்கையான ஒருவரை. அப்பொறுப்பை ஏற்றுச் சென்றவர்கள், நபித்துவம் கிடைக்கும் முன் 'அல்அமீன்' என்று அழைக்கப்பட்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள். பிறருடைய பணத்தால் வாங்கி விற்பவரிடம் இரசனைக்கு முன்னர் நம்பிக்கை தேடப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பயிற்சி முடிந்த நாளன்று வாப்பா மீண்டும் கேட்டார்: "இப்ப சொல்லுங்க மகள், கொள்வனவு என்டா என்ன?"

"மத்தவங்கட பணத்தால, மத்தவங்களுக்குத் தேவையானத, தைச்சவங்களுக்கும் அநியாயம் இல்லாம, நேரத்துக்கு வாங்கி வைக்கிற வேல வாப்பா" என்றேன்.

வாப்பா சற்று யோசித்துவிட்டு, "அப்ப அது கடையில நிக்கிறதவிடப் பாரமான வேல" என்றார்.

அந்தப் பாரத்தை நேர்மையாகச் சுமக்கும் ஆற்றலை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக.